கெடு இல்லாத இலக்கு நின்றுபோனால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

ஒரு இலக்கை மனதில் வைத்துக்கொண்டு, "இந்தத் தேதிக்குள் முடிப்பேன்" என்று எழுதாமல் விட்டவர்களுக்கான வழிமுறை இது. படம் வரையக் கற்பது, ஒரு மொழி, ஒரு வாத்தியம், நீச்சல், பெட்டியில் கிடக்கும் பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்துவது, குடும்பக் கதையை எழுதி வைப்பது என்று அது எதுவாகவும் இருக்கலாம். மேலிருந்து கீழ்வரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள், அதில் சொன்ன ஒன்றை மட்டும் செய்துபாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் ஒரு சோதனை

உங்கள் இலக்கு உண்மையிலேயே கெடு இல்லாததுதானா? தள்ளிப்போனால் வேறொருவருக்கு நஷ்டமோ, உங்கள் உடம்புக்குக் கேடோ, அபராதமோ வரும் என்றால் அது கெடு உள்ள வேலை. தேதி போட்டு, நினைவூட்டல் வைத்து அதை முடியுங்கள். இந்த வழிமுறை அதற்கு உதவாது.

மற்றவற்றுக்கு நாமே வைக்கும் தேதி பெரும்பாலும் ஊகம்தான். 1994இல் ரோஜர் ப்யூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவர் உளவியல் மாணவர்களிடம், இறுதியாண்டு ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். மாணவர்கள் சொன்னது சராசரியாக 33.9 நாள். ஆனது 55.5 நாள். தங்கள் வேலையை நன்றாக அறிந்தவர்களுக்கே இப்படித்தான் ஆகிறது. தேதி பொய்த்ததும் நாம் தேதியைக் குறை சொல்வதில்லை, நம்மைத்தான் குறை சொல்லிக்கொள்கிறோம். பல இலக்குகள் செத்துப்போவது அந்த இடத்தில்தான்.

இன்னொன்றும் உண்டு. 1976இல் தெரேசா அமபிலேயும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வில், சிலருக்குச் சொல் விளையாட்டுகளைக் கொடுத்து அதற்குக் கெடுவும் வைத்தார்கள். கெடு வைக்கப்பட்டவர்களுக்கு, பிறகு சும்மா இருக்கும் நேரத்தில் அந்த விளையாட்டின் மேல் இருந்த ஆர்வம் குறைந்திருந்தது. ஆசைப்பட்டுச் செய்யும் காரியத்துக்குக் கெடு வைப்பதில் இந்த ஆபத்து இருக்கிறது.

சரி, தேதியை எடுத்துவிட்டோம். ஆனால் அந்தத் தேதி ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது: முன்னால் நின்று நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இனி அந்த வேலையை நாம் விட்டுவந்த தடம்தான் செய்ய வேண்டும். கீழே வரும் திருத்தங்கள் எல்லாம், அந்தத் தடம் கண்ணில் படும்படி செய்வதற்கான வழிகள்.

அறிகுறி: இப்படி ஒரு இலக்கு இருப்பதே மறந்துபோகிறது

உங்கள் குறிப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். போனில், நாலாவது திரையில், ஒரு செயலிக்குள் இருக்கிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. கெடு உள்ள வேலை நம்மைத் தேடி வரும். இது வராது. ஆகவே இது கண் படும் இடத்தில் கிடக்க வேண்டும்.

குறிப்பை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுவாருங்கள். வாத்தியப் பயிற்சி என்றால் அதன் பெட்டி மூடியின் உட்புறம். மொழி என்றால் புத்தகம் வைக்கும் அலமாரியின் விளிம்பு. அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே அன்றன்று எழுதிய சொற்களின் எண்ணிக்கையை ஒரு அட்டைப்பெட்டியின் பக்கத்தை வெட்டிச் செய்த அட்டவணையில் எழுதி, சுவரில் வைத்திருந்தார். 1958இல் வெளியான ஒரு நேர்காணலில் அந்த எண்கள் இருக்கின்றன: 450, 575, 462, 1250, மறுபடி 512. எண் பெரிதாக இருக்கும் நாள், மறுநாள் மனம் உறுத்தாமல் மீன் பிடிக்கப் போவதற்காகக் கூடுதலாக உழைத்த நாள். கண்ணுக்கு நேரே ஒரு அட்டை இருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் தாளில் ஒரே ஒரு தேதிக்கு இடம் கொடுங்கள்: கடைசியாகத் தொட்ட நாள். பென்சிலால் எழுதி, ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாக எழுதுங்கள். அதன் கீழே அடுத்த அடியை ஒரே வரியில் எழுதுங்கள். "ஏழாம் பாடம், இரண்டாவது பயிற்சி" என்ற அளவுக்குத் துல்லியமாக இருக்கட்டும். "தொடர வேண்டும்" என்று எழுதினால் மூன்று வாரம் கழித்து அது உங்களுக்கு ஒன்றுமே சொல்லாது. எனக்கு இந்த இரண்டாவது வரிதான் முதல் வரியைவிட அதிகம் உதவியிருக்கிறது. நின்றுபோன வேலையை மறுபடி எடுக்கும்போது கஷ்டமாக இருப்பது வேலையே இல்லை, எங்கே ஆரம்பிப்பது என்ற யோசனைதான்.

அறிகுறி: இரண்டு வாரம் ஒழுங்காகக் குறித்தேன், அப்புறம் நோட்டையே திறக்கவில்லை

இதுதான் நான் அதிகம் பார்த்திருக்கும் கோளாறு. இலக்கு செத்துவிட்டது என்று நினைப்போம். பல நேரம் இலக்கு உயிரோடுதான் இருக்கும், குறிக்கும் பழக்கம்தான் செத்திருக்கும்.

ஒரு தடவை குறிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பத்து நொடிக்கு மேல் போனால் அது கனமான முறை. நேரம், கால அளவு, மனநிலை, கற்றது, அடுத்த முறைக்கான குறிப்பு என்று ஐந்து பத்தி போட்ட அட்டவணைகளை நானும் வரைந்திருக்கிறேன். வரையும்போது மிகவும் நிறைவாக இருக்கும். நிரப்ப வேண்டிய இரவில், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போது, அந்த ஐந்து பத்தியும் இன்னொரு வேலையாக வந்து நிற்கும்.

எளிய திருத்தம், ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறை போதும். கூட எதுவும் எழுத வேண்டாம்.

இதைவிட நல்ல திருத்தம், குறிப்பதையே நிறுத்துவது. வேலை செய்யும்போது ஏதோ ஒன்று தேயும், தீரும் அல்லது சேரும். அதையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். நான் வரையக் கற்கத் தொடங்கியபோது இரண்டு நோட்டுகளைப் பாதியில் விட்டேன். மூன்றாவது முறை நோட்டு போடவில்லை. ஒரு கண்ணாடிக் குடுவையை மேசையில் வைத்தேன். பென்சில் விரலில் பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையானதும் அதை அந்தக் குடுவையில் போடுவேன். முதல் துண்டு விழ எத்தனை வாரம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை, கணக்கும் வைக்கவில்லை. அது அடியில் தனியாகக் கிடந்தது. இப்போது அதில் 19 துண்டுகள் இருக்கின்றன. சில கடித்த தடத்தோடு, சில முனை உடைந்து, ஒன்று மட்டும் சிவப்பு. கையில் எடுத்து ஆட்டினால் சத்தம் கேட்கும். என்னிடம் இருந்த எந்த அட்டவணையும் அந்த நிறைவைத் தந்ததில்லை, ஏனென்றால் அட்டவணையில் பொய் சொல்ல முடியும், பென்சில் தானாகத் தேயாது.

உங்கள் வேலையில் எது தேய்கிறது என்று தேடிப் பாருங்கள். எழுதுகிறவருக்குத் தீர்ந்த பேனா ரீஃபில்கள். தைக்கிறவருக்குக் காலி நூல்கண்டுகள். படிக்கிறவருக்குப் புத்தகத்தின் ஓரத்தில் நகரும் அடையாளச் சீட்டு. ஓடுகிறவருக்குக் காலணியின் அடிப்பகுதி. பாடவோ பேசவோ பழகுகிறவருக்கு ஒரு ஃபோல்டரில் சேரும் குரல் பதிவுகள். எதுவும் தேயாத வேலை என்றால் இரண்டு குடுவைகளை வைத்து, ஒரு முறை செய்ததற்கு ஒரு கூழாங்கல்லையோ மணியையோ இதிலிருந்து அதற்கு மாற்றுங்கள். ஒரு நொடி வேலை.

போனில்தான் செய்வேன் என்பவர்கள், புகைப்பட ஆல்பம் ஒன்றைத் திறந்து, வேலை முடிந்ததும் மேசையை ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுங்கள். தேதியைப் போனே எழுதிக்கொள்ளும்.

அறிகுறி: ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாமே விட்டுப்போகிறது

நீங்கள் தொடர் நாள்களை எண்ணும் முறையில் இருக்கிறீர்கள். செயலிகளில் இதை ஸ்ட்ரீக் என்கிறார்கள். 41 நாள் விடாமல் செய்து 42ஆம் நாள் விட்டால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். செய்த 41 நாளும் எங்கும் போகவில்லை, ஆனால் திரை அப்படிச் சொல்லாது. கெடுவை வேண்டாம் என்று விட்டவர்கள் பலர், தங்களுக்குத் தெரியாமலே தினமும் இரவு பன்னிரண்டு மணிக்கு ஒரு கெடு வைத்துக்கொள்வது இப்படித்தான்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஆய்வு 2009இல் இணையத்திலும் 2010இல் அச்சிலும் வந்தது. ஒரு செயல் யோசிக்காமல் வரும் பழக்கமாக ஆகச் சராசரியாக 66 நாள் என்று கணக்கிட்டார்கள். பலர் இந்த 66ஐ மட்டும் பிடித்துக்கொண்டு அதையே கெடுவாக்கிவிட்டார்கள். அதே ஆய்வில் ஆளுக்கு ஆள் கணக்கு 18 நாளில் தொடங்கி 254 நாள் வரை போகிறது. அதோடு, இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதில் இருக்கிறது. 66ஐவிட இந்தச் செய்திதான் முக்கியம் என்பேன்.

இதற்கான திருத்தம், குறையாத எண்ணுக்கு மாறுவது. "தொடர்ந்து எத்தனை நாள்" என்பதை விட்டு, "இதுவரை எத்தனை முறை" என்று எண்ணுங்கள். ஒரு தாளில் 100 சிறிய வட்டங்கள் வரைந்து ஒவ்வொன்றாக வண்ணம் தீட்டுங்கள். இன்றைக்கு ஒன்று, அடுத்தது ஒரு மாதம் கழித்து என்றாலும் 38க்குப் பிறகு 39தான் வரும். செயலியை விட மனமில்லை என்றால் அதன் அமைப்புகளில் ஸ்ட்ரீக்கை மறைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்; மொத்த எண்ணிக்கையைக் காட்டும் பக்கத்தை முகப்பில் வையுங்கள்.

இன்னொரு திருத்தமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த நாளுக்கு வேறு நிறம் கொடுங்கள். சாதாரண நாள் நீலம் என்றால் திரும்பி வந்த நாள் ஆரஞ்சு. கெடு இல்லாத இலக்கில் திரும்பி வருவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம், அந்தத் திறமையைத்தான் வளர்க்கவும் வேண்டியிருக்கிறது. ஒரு தாளில் ஐந்து ஆரஞ்சு வட்டங்கள் இருந்தால், ஐந்து முறை நின்றுபோன ஒன்றை ஐந்து முறை நீங்களே எழுப்பியிருக்கிறீர்கள். அடுத்த தடவை நின்றுபோகும்போது அதைப் பார்த்தால் தெம்பு வரும்.

அறிகுறி: நோட்டைப் பார்த்தாலே குற்ற உணர்வு வருகிறது

வெற்றுக் கட்டங்கள் இருக்கின்றனவா? அப்படியென்றால் அந்தத் தாள் செய்ததைக் காட்டிலும் செய்யாததைத்தான் அதிகமாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றில் கவனம் வைத்து, தவறிய ஒவ்வொரு முறையும் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தார். 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி அந்தச் சிறு நோட்டுத் தாள்களில் ஓட்டை விழுந்துவிட்டது, பிறகு துடைத்து எழுதக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார் என்று அவரே எழுதியிருக்கிறார். அவருக்கு அது பொருந்தியது. நம்மில் பெரும்பாலோர் அத்தனை கறுப்புப் புள்ளிகளை ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டோம்.

கட்டம் போட்ட நாட்காட்டித் தாளை எடுத்துவிட்டுக் கோடில்லாத தாளுக்கு மாறுங்கள். செய்தால் ஒரு குறி, செய்யாவிட்டால் ஒன்றும் இல்லை. செய்யாத நாளுக்கு அங்கே இடமே இருக்காது.

அறிகுறி: எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை

"நன்றாக வரைய வேண்டும்", "சரளமாகப் பேச வேண்டும்" போன்ற இலக்குகளுக்கு எல்லைக்கோடு கிடையாது. எத்தனை முறை செய்தோம் என்ற எண் இங்கே பாதிக் கதையைத்தான் சொல்லும். நம் முன்னேற்றத்தை நாமே பார்ப்பதும் கடினம். கை தேறும்போது கண்ணும் சேர்ந்து தேறிவிடுகிறது, அதனால் என்றைக்கும் குறை மட்டுமே தெரிகிறது.

இதற்கு ஒரே மாதிரியை மறுபடி மறுபடி எடுங்கள். அதே பத்தியை உரக்கப் படித்துப் பதிவு செய்வது, அதே ராகத்தை வாசிப்பது, அதே பொருளை வரைவது. எப்போது எடுப்பது என்பதைத் தேதியால் முடிவு செய்யாதீர்கள், ஒரு நிகழ்ச்சியோடு கட்டிவிடுங்கள். நான் குடுவையில் ஒரு பென்சில் துண்டைப் போடும் அன்று என் இடது கையை வரைவேன். அதே மேசை, அதே விளக்கு. முந்தைய படத்தை வரைந்து முடிக்கும்வரை பார்ப்பதில்லை.

முதல் படத்தில் கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஒட்டவைத்ததுபோல் இருக்கிறது. விரல்கள் நாலும் ஒரே நீளம், நகங்கள் மட்டும் மிகக் கவனமாக வரையப்பட்டிருக்கின்றன. நாலாவதில் விரல்களின் நீளம் சரியாகிவிட்டது, ஆனால் உள்ளங்கை தட்டையாகக் கிடக்கிறது. ஒன்பதாவதில்தான் கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு முதன்முறையாக வந்திருக்கிறது, அதன் கீழே ஒரு சிறிய நிழலோடு. அந்தப் படத்தை வரைந்த அன்று நான் அதிருப்தியோடுதான் எழுந்தேன். மூன்று படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. இதை எந்தச் சதவீதமும் எனக்குச் சொல்லியிருக்காது.

மாதிரி எடுக்க முடியாத இலக்குகளுக்கு "இப்போது முடிகிறது" என்று ஒரு பட்டியல் வையுங்கள். "போனில் வந்த அழைப்பை அந்த மொழியிலேயே பேசி முடித்தேன்", "மூச்சு வாங்காமல் குளத்தின் அகலத்தைக் கடந்தேன்" என்று நடந்தது நடந்தபடி ஒரு வரி. பட்டியலில் சேர்க்க மட்டும்தான் முடியும், எதையும் நீக்கக் கூடாது.

அறிகுறி: தொடக்கத்தில் வேகம், நடுவில் சோர்வு

இது எல்லோருக்கும் வருவது. தொடங்கிய இடம் மறைந்துவிட்டது, முடியும் இடம் இன்னும் தெரியவில்லை, அந்த நடுப்பகுதி நீண்டுகொண்டே போகிறது.

2006இல் ஜோசஃப் நூனெஸ், சேவியர் டிரெஸ் இருவரும் கார் கழுவும் நிலையம் ஒன்றில் 300 வாடிக்கையாளர்களுக்கு அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு முத்திரை சேர்த்தால் ஒரு முறை இலவசம். மீதிப் பேருக்குப் பத்து முத்திரை வேண்டும், ஆனால் இரண்டு முத்திரை முன்கூட்டியே குத்தப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டியது எட்டுதான். ஆனாலும் வெற்று அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதமும், இரண்டு முத்திரையோடு வாங்கியவர்களில் 34 சதவீதமும் அட்டையை நிரப்பினார்கள். ஏற்கெனவே கிளம்பிவிட்டோம் என்ற உணர்வுக்கு இருக்கும் பலம் இது.

அதனால் புதிய தாளை வெறுமையாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே செய்ததை முதலில் தீட்டிவிடுங்கள். நிஜமாகச் செய்தவை மட்டும், ஏமாற்ற வேண்டாம். பெரிய படத்தைச் சிறு படங்களாக வெட்டுவதும் உதவும். ஒரு மலையின் உருவத்தை வரைந்து அதன் உச்சிவரை வண்ணம் தீட்டுவதைவிட, எட்டு இலைகள் உள்ள ஒரு கிளை, அது நிரம்பியதும் அடுத்த கிளை என்று வளரும் மரம் நல்லது. எந்த நேரத்திலும் ஏதோ ஒரு கிளையின் முடிவு பக்கத்திலேயே இருக்கும். மரம் எத்தனை கிளையோடு நிற்கும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யத் தேவையில்லை.

அறிகுறி: எண்ணிக்கை ஏறுகிறது, திறமை ஏறவில்லை

புத்தகங்களை எண்ணத் தொடங்கியதும் மெல்லிய புத்தகங்களாகக் கை தேடும். நிமிடத்தை எண்ணத் தொடங்கினால் மெதுவாகச் செய்யத் தோன்றும். பிரிட்டன் பொருளாதார அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக்கொள்கையைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து, பிற்பாடு எல்லாத் துறைக்கும் பரவியது: ஒரு அளவையே இலக்காக வைத்துக்கொண்டால் அது நல்ல அளவாக இருப்பதில்லை.

எண்ணுவதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக வேலை முடிந்ததும் ஒரே ஒரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதுங்கள்: இன்று எங்கே தடுக்கியது? "மூன்றாவது வரியில் சுருதி இறங்கியது", "இறந்தகால வினை வரவில்லை" என்பது போல. தடுக்கும் இடம் மாறிக்கொண்டே போனால் நகர்கிறீர்கள் என்று அர்த்தம். ஒரே வரி ஐந்து முறை வந்தால் அங்கே நின்று வேறு விதமாகப் பழக வேண்டும், அல்லது தெரிந்தவரிடம் கேட்க வேண்டும்.

அறிகுறி: "எப்போது முடிப்பாய்?" என்று கேட்கிறார்கள், பதில் இல்லை

செய்ததைச் சொல்லுங்கள். "எழுபது பக்கம் ஆகிவிட்டது" என்பது முழுமையான பதில். அதற்கு மேல் ஒரு தேதியைச் சொல்லிவிட்டால் அது உங்கள் கெடுவாகிவிடும்.

அறிகுறி: ஒரே நேரத்தில் ஏழு இலக்குகள், ஒன்றும் நகரவில்லை

கெடு இல்லாததால் எதையும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றாது, எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். டொயோட்டா தொழிற்சாலைகளில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் அட்டை முறையிலிருந்து ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: நடந்துகொண்டிருக்கும் வேலைகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு. சுவரில் மூன்று பகுதி பிரியுங்கள். காத்திருப்பவை, கையில் இருப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு இலக்கும் ஒரு சீட்டு. கையில் இருப்பவை பகுதியில் இரண்டு சீட்டுக்குத்தான் இடம். மூன்றாவதைக் கொண்டுவர வேண்டும் என்றால் ஒன்றைக் காத்திருப்புக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவது தோல்வி ஆகாது. அது அங்கே சுவரில்தான் இருக்கும், நீங்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

காத்திருப்பவை மிக அதிகமாகிவிட்டால் வேலைகளை ஒரு நோட்டில் கையால் குறித்துவைக்கும் புல்லட் ஜர்னல் முறையை வகுத்த ரைடர் கேரல் சொல்லும் வழி நல்லது. நோட்டு மாற்றும்போது பழைய பட்டியலை அப்படியே ஒட்டாமல், ஒவ்வொன்றையும் கையால் திரும்ப எழுத வேண்டும். திரும்ப எழுதும் சிரமத்துக்குக்கூட மதிப்பில்லை என்று தோன்றுவது தானாக உதிர்ந்துவிடும்.

அறிகுறி: மேலே சொன்ன எதுவும் உதவவில்லை, தேதி இல்லாவிட்டால் நான் அசைவதே இல்லை

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. டேன் ஏரியலி, கிளாஸ் வெர்டன்ப்ராக் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், சம இடைவெளியில் கெடு விதிக்கப்பட்ட மாணவர்கள், கெடுவைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட மாணவர்களைவிட நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். தேதி பலருக்கு உதவுகிறது, அதை மறுக்க முடியாது.

ஆனால் முழு இலக்குக்கும் தேதி போடுவதற்கு முன் இரண்டு வழிகளைப் பாருங்கள். முதலாவது, தேதியின் இடத்தில் ஒரு தூண்டுதலை வைப்பது. "இது நடந்தால் அதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது செயலுக்கு நன்றாக உதவுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். "காலையில் பல் துலக்கி முடித்ததும் மேசையில் உட்கார்ந்து ஒரு கோடு போடுவேன்." வாக்கியத்தில் இடமும் செயலும் இருக்க வேண்டும். "நேரம் கிடைத்தால்" என்று தொடங்கும் வாக்கியம் பயன்படாது, நேரம் கிடைத்துவிட்டது என்று யாரும் வந்து சொல்வதில்லை.

இரண்டாவது, முடியும் நாளை விட்டு, உட்காரும் அளவை நிர்ணயிப்பது. நாவலாசிரியர் ஆன்டனி டிரோலோப் கடிகாரத்தை எதிரில் வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். வாரவாரம் எழுதிய பக்கங்களையும் குறித்துவைத்தார். சராசரி வாரத்துக்கு 40 பக்கம், சில வாரம் 20, ஒரு வாரம் 112 வரை போனதாகச் சொல்கிறார். அவருடைய அளவு நமக்கு வேண்டாம். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்து, அது விழுந்து முடியும்வரை உட்காருங்கள். எழுந்ததும் ஒரு மணியைக் குடுவையில் போடுங்கள்.

இரண்டும் பலிக்கவில்லை என்றால், சரி, தேதி போடுங்கள். அடுத்த அடிக்கு மட்டும் போடுங்கள், மொத்த இலக்குக்கும் வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு நண்பரிடம் போனில் "இதுவரை செய்தது இது" என்று சொல்வதையே அந்தத் தேதியாக வைத்துக்கொள்ளலாம். அந்த அழைப்பில் அவர் அறிவுரை சொல்லக் கூடாது, கேட்டுக்கொண்டால் போதும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அறிகுறி: பல மாதமாகத் தொடவே இல்லை, தொடர்வதா விடுவதா?

இது கடினமான கேள்வி. கெடு உள்ள வேலை ஒரு நாளில் தானாக முடிவுக்கு வந்துவிடும், முடித்தோமோ இல்லையோ. இதற்கு அந்த முடிவை நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மனதின் ஒரு மூலையில் அது பாரமாகவே கிடக்கும்.

சோதனை இதுதான்: ஒரு முறை, பத்தே நிமிடம், அந்த வேலையைச் செய்யுங்கள். யோசித்து முடிவு செய்யாதீர்கள், கையில் எடுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் இன்னும் கொஞ்சம் செய்யலாம் என்று தோன்றினால் இலக்கு உயிரோடு இருக்கிறது. ஒரு ஆரஞ்சு வட்டம் போட்டு, அடுத்த அடியை எழுதிவிட்டு எழுந்திருங்கள். ஒன்றுமே தோன்றவில்லை என்றால் இன்னொரு நாள் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அன்றைக்குக் களைப்பாக இருந்திருக்கலாம், மனது வேறெங்கோ இருந்திருக்கலாம்.

மூன்று முறை பார்த்தும் ஆசை வரவில்லையா? மூடிவிடுங்கள். ஆனால் சத்தமில்லாமல் விட்டுவிடாமல் முறைப்படி மூடுங்கள். அந்தத் தாளின் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: இதில் எதுவரை வந்தேன், எது என்னிடம் தங்கியது. சீட்டை முடிந்தவை பகுதிக்கு மாற்றுங்கள். குடுவையில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டாம், அப்படியே மூடி போட்டு அலமாரியில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் தூசி துடைக்கும்போது அதைக் கையில் எடுக்க நேர்ந்தால், பத்து நிமிடச் சோதனையை அன்றைக்கும் ஒருமுறை செய்துபார்க்கலாம்.